கம்ப்யூட்டர் நகரமும் நம்ம உத்திரமேரூரும்



லீவுக்கு மாமா வீட்டுக்குப் போனப்போ 'சிவிலைசேஷன் 3' என்ற கம்ப்யூட்டர் விளையாட்டு ஆடினேன். 2001-ல் வந்தது. நாம ஒரு முறை, எதிராளி ஒரு முறை என்று ஆடி நகரம் கட்ட வேண்டும். முதல் நகரத்திலேயே பஞ்சம் வந்து தோற்றுப் போனேன். ஏன்?

கணக்கைப் பாருங்கள்

ஒரு ஆள் ஒரு கட்டத்தில் வேலை செய்வான். ஒவ்வொருத்தனும் முறைக்கு 2 உணவு சாப்பிடுவான். என் ஊரில் 3 பேர், தேவை 6. மூன்று பேரையும் குன்றில் சுரங்க வேலைக்கு விட்டேன். ஊர் நடுக் கட்டம் 2, குன்று மூன்றும் தலா 1, ஆக 5. ஒன்று குறைந்தது, பஞ்சம் வந்தது!

மறுபடி ஆடினேன். சமவெளிக் கட்டம் தருவது 1 உணவு. தண்ணீர் பாய்ச்சினால் 2. இரண்டு பேரை அங்கே வைத்தேன். 2+2+2+1=7. ஒன்று மிச்சம். மிச்சம் சேரச் சேர ஊர் வளர்ந்தது. ஆனால் பக்கத்தில் ஆறோ ஏரியோ இல்லாத ஊர் 6 பேருக்கு மேல் வளராது. கால்வாய் கட்டித் தண்ணீர் கொண்டுவர வேண்டும்.

இதெல்லாம் நம்ம ஊரில் எப்பவோ இருக்கு!

மாமாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "உங்க உத்திரமேரூர் கல்வெட்டைப் படிடா" என்றார். படித்தேன்.

1. பல்லவர் காலத்திலேயே அங்கே வைரமேகத் தடாகம் என்ற பெரிய ஏரி வெட்டினார்கள்.

2. விளையாட்டு மாதிரியே நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்தார்கள். 'இன்ன வதிக்குக் கிழக்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, இத்தனையாம் கண்ணாறு, இத்தனையாம் சதுரம்' என்று எழுதினால் வயல் எது என்று தெரிந்துவிடும். வதி என்றால் பாதை.

3. முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921 ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டில் குடவோலை முறை உள்ளது. 30 குடும்புக்கு ஒருவராக 30 பேர். அதில் சம்வத்சர வாரியம் 12, தோட்ட வாரியம் 12, ஏரி வாரியம் 6. பதவி 360 நாள்தான். கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்க முடியாது!

ஒரு குறையும் சொல்ல வேண்டும். நிலமும் சொந்த மனையில் வீடும் வேதப் படிப்பும் உள்ளவர்களுக்கே ஓலையில் பெயர். பெண்களுக்கும் உழுத கூலிக்காரருக்கும் இடமில்லை. இன்று 18 வயதானால் எல்லாருக்கும் ஓட்டு உண்டு.

நாம என்ன செய்யணும்?

விளையாட்டில் தோற்றால் மறுபடி முதலிலிருந்து ஆடலாம். ஏரி தூர்ந்து போனால் அப்படி முடியுமா? நம்ம பெருநகர் செய்யாற்றங்கரை ஊர். ஆனாலும் ஆற்றில் எப்போதும் தண்ணீர் ஓடுவதில்லை. மழைத் தண்ணீரைப் பிடித்து வைப்பது ஏரிதான். ஏரிக்கு வருகிற வரத்துக் கால்வாயில் பிளாஸ்டிக் பையை வீசுவது நம்ம வீட்டுச் சோற்றில் மண் போடுவதற்குச் சமம். நானும் வீசியிருக்கிறேன், இனி வீச மாட்டேன்.

மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். தமிழ்நாட்டில் அன்றும் கிராம சபை கூடும். நமக்கு இன்னும் ஓட்டு இல்லை. ஆனால் அப்பா அம்மாவிடம், "போய் ஏரியைப் பற்றிக் கேளுங்க" என்று சொல்லலாமே!

யோசித்துச் சொல்லுங்கள்: 4 பேர் உள்ள ஊர். நடுக் கட்டம் 2. இரண்டு பேர் பாசன சமவெளியில், இரண்டு பேர் குன்றில். ஊர் வளருமா, பஞ்சமா?

(விடை: தேவை 8, கிடைப்பது 8. வளரவும் வளராது, பஞ்சமும் வராது.)

— 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்