மனமும் உணவும்

இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவு நோய் உடையவர்கள் என்று, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் 2023ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. இவர்களுள் பெரும்பாலோருக்கு இருப்பது இரண்டாம் வகை நீரிழிவாகும். கணையம் சுரக்கும் இன்சுலின் போதாமையாலோ, உடல் அதனைச் சரிவரப் பயன்படுத்தாமையாலோ குருதியில் சர்க்கரை மிகுவதே இந்நோய். கட்டுப்படுத்தாவிடில் கண், சிறுநீரகம், இதயம் ஆகியவை பழுதடையக்கூடும்.

எதை உண்ணலாம், எதைக் குறைக்க வேண்டும் என்பதை மருத்துவர் கூறுகிறார். நோயாளியும் அதனை அறிவார். ஆயினும் பலரால் அதனைக் கடைப்பிடிக்க இயலவில்லை. ஏனெனில், உணவைத் தேர்ந்தெடுப்பதில் நாவைப் போலவே மனத்திற்கும் பங்கு உண்டு.

முதலாவது, பழக்கம். ஊரை விட்டுத் தில்லிக்கு வந்த பெரியவர்களுக்குச் சோறும் இட்லியும் ஊரின் நினைவுகள். அவற்றைக் குறைக்கச் சொன்னால் மனம் வருந்துவர். இரண்டாவது, பிறர் உபசாரம். தீபாவளியன்று அண்டை வீட்டார் அன்புடன் தரும் லட்டை மறுத்தால் அவர்கள் மனம் புண்படுமோ என்று அஞ்சி உண்பர். மூன்றாவது, மனச்சோர்வு. சோர்ந்த மனம் சமைக்கவும் நடக்கவும் ஊக்கம் கொள்வதில்லை. நான்காவது, குற்ற உணர்வு. ஒருநாள் தவறியவர், ‘இனி என்ன பயன்?’ என்று எண்ணி முயற்சியையே கைவிடுவர்.

நோயுடன் மனத்தையும் கவனித்தால் பயன் உண்டா? இதனை அறிய, தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையிலும் சென்னை, பெங்களூரு, விசாகப்பட்டினம் ஆகிய நகரங்களிலும் ஓர் ஆய்வு நடைபெற்றது. நீரிழிவும் மனச்சோர்வும் உடைய 404 பேர் பங்கேற்றனர். ஒரு பிரிவினர் வழக்கமான மருத்துவம் பெற்றனர். மற்றொரு பிரிவினருக்குப் பயிற்சி பெற்ற பராமரிப்பாளர்கள் தொடர்ந்து ஊக்கமளித்தனர், வல்லுநர்கள் வழிகாட்டினர். ஈராண்டுகளுக்குப் பின், மனச்சோர்வு பாதியேனும் குறைந்து, சர்க்கரை, குருதி அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றுள் ஒன்றேனும் சீரடைந்தவர்கள் முதற்பிரிவில் 100க்கு 57 பேர். இரண்டாம் பிரிவில் 72 பேர். இம்முடிவுகள் 2020இல் வெளியாயின.

மாணவர்களே, உங்கள் இல்லத்திலும் நீரிழிவு உடைய தாத்தாவோ பாட்டியோ இருக்கலாம். ‘இதை உண்ணாதீர்கள்’ என்று ஓயாமல் கண்டித்தால், அவர்கள் மறைவாக உண்ணத் தொடங்கலாம். கீரையும் பயறும் காய்கறியும் மிகுந்த உணவை வீட்டார் அனைவரும் சேர்ந்து உண்டால், அவர்களுக்குத் தனிமை தோன்றாது. மாலையில் அவர்களுடன் பூங்காவில் நடந்து வாருங்கள். ஒருநாள் தவறினாலும், மறுநாள் தொடரலாம் என்று ஆறுதல் கூறுங்கள். மருந்தை மருத்துவர் தருவார். மனவுறுதி வளர வீட்டாரின் அன்பு துணை நிற்கும்.

சொற்பொருள்
குருதி – இரத்தம்
உபசாரம் – விருந்தினரைப் பேணுதல்
மனச்சோர்வு – மனத்தில் ஊக்கம் குன்றிய நிலை

வினாக்கள்
1. உணவுக் கட்டுப்பாட்டிற்குத் தடையாகும் மனக் காரணங்கள் நான்கினை எழுதுக.
2. ஆய்வின் இரு பிரிவினரும் பெற்ற மருத்துவத்தில் இருந்த வேறுபாடு யாது?
3. விருந்தில் இனிப்பைப் பணிவுடன் மறுப்பது எவ்வாறு? ஐந்து தொடர்களில் எழுதுக.