மப்ளர் வியாபாரம்: பின்னல் தெரிந்தால் ஏமாற்றம் இல்லை

கார்த்திகை பிறந்துவிட்டால் கூத்தாநல்லூர் கடைத்தெருவில் மப்ளர் கேட்டு ஆள் வரத் தொடங்கிவிடும். சுபுஹு தொழுகைக்குப் புறப்படும் பெரியவர்கள், பனியில் சம்பா வயலுக்குப் போகும் விவசாயிகள், சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் என்று எல்லோரும் வாங்குவார்கள். மளிகைக் கடையிலும் பத்து உருப்படி தொங்கவிடுகிறோம். ஆனால் சரக்கைப் பற்றி நமக்கு எவ்வளவு தெரியும்?

ஒரு வருடம் 'கம்பளி' என்று பில் போட்டு வந்த கட்டை அப்படியே சொல்லி விற்றோம். வாடிக்கையாளர் ஒருவர் திருப்பிக் கொண்டுவந்தார். நூலைக் கொளுத்திப் பார்த்தால் முழுக்க அக்ரிலிக்! பணத்தைத் திருப்பினோம், போன பெயரைத் திருப்ப நாளாயிற்று. அந்த அனுபவத்தில் கற்றதை இங்கே தருகிறோம்.

1. நூல் சோதனை: ஒரு இழையை எடுத்துக் கொளுத்துங்கள். கம்பளி மெதுவாக எரியும். முடி கருகும் வாடை வரும். சாம்பல் விரலில் பொடியாகும். அக்ரிலிக் உருகிக் கெட்டி மணியாகும். அக்ரிலிக் மட்டமான சரக்கு அல்ல. விலை குறைவு, பூச்சி அரிக்காது. அதை அக்ரிலிக் என்றே சொல்லி விற்க வேண்டும், அவ்வளவுதான்.

2. பின்னல்: இரு பக்கமும் ஒன்றுபோல் இருப்பதே நல்ல மப்ளர். நிட் மட்டும் ஒரு முகமாகத் தெரியும் சாதாரணப் பின்னல் ஓரம் சுருளும். 'இரண்டு நிட், இரண்டு பர்ல்' பின்னல் சுருளாது; காதோடு இழுத்துக் கட்டினாலும் நெகிழ்ந்து கொடுக்கும். வீட்டில் பின்னச் சொல்வதானால் கணக்கு இது: நடுத்தரக் கனமுள்ள நூல் சுமார் 200 கிராம், 8-ம் நம்பர் ஊசி (4 மி.மீ.), 48 கண்ணி. எல்லா வரிசையிலும் இரண்டு நிட், இரண்டு பர்ல். கண்ணி எண்ணிக்கை நாலால் வகுபட்டால் திருப்பும்போதும் அதே வரிசைதான், குழப்பமில்லை. 150 செ.மீ. நீளம் வந்ததும் தளர்வாக முடிக்க வேண்டும்.

3. குஞ்சம்: இதற்கான நூலை முதலிலேயே வெட்டி வைத்துவிட வேண்டும், கடைசியில் பற்றாமல் போகும். 15 செ.மீ. அகல அட்டையில் நூலைச் சுற்றி ஒரு ஓரம் வெட்டினால் 30 செ.மீ. துண்டுகள் கிடைக்கும். நாலு துண்டை மடித்து, குரோஷா ஊசியால் ஓரத்தில் நுழைத்து, வளையத்துக்குள் நுனிகளை இழுத்து இறுக்குங்கள். மேட்டுக்கு ஒன்றாக முனைக்கு 12, மொத்தம் 24 குஞ்சம். சுமார் 29 மீட்டர் நூல் பிடிக்கும். வாங்கும்போது ஒரு குஞ்சத்தை இழுத்துப் பாருங்கள்; கையோடு வந்தால் கட்டையே திருப்பிவிடுங்கள்.

4. எடையும் இருப்பும்: கம்பளி காற்றின் ஈரத்தை உறிஞ்சும். நம் ஐப்பசி அடைமழையில் எடைக்கு நூல் வாங்கினால் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறோம். பின்னக் கொடுக்கும் நூலையும் திரும்பி வரும் மப்ளரையும் எடை போட்டுக் குறித்து வையுங்கள். மிச்ச நூலையும் சேர்த்துக் கொள்ளுங்கள். சிறு வித்தியாசத்தை வைத்துப் பின்னியவரைச் சந்தேகிக்க வேண்டாம். தையில் மிஞ்சும் கம்பளியை வெயிலில் உலர்த்தி, இறுக மூடி வையுங்கள்.

விலை வைக்கும்போது நூலோடு பின்னுகூலியையும் முழுதாகச் சேருங்கள். பின்னும் பெண்களின் கூலியைக் குறைத்து லாபம் பார்த்தால் அடுத்த கார்த்திகையில் அவர்கள் வேறு கடைக்குப் பின்னுவார்கள்.

மப்ளர் சின்னச் சரக்குதான். அதை வாங்குகிறவர்தான் மறுநாள் அரிசிக்கும் பருப்புக்கும் நம் கடைக்கு வருகிறார்.