பணம் வாங்குவதற்கு பின் நம்பர் எதற்கு?

முதலாம் ஆண்டு முடிந்ததும் என் டிராப்டரை 400 ரூபாய்க்கு விற்க இணையத்தில் விளம்பரம் போட்டேன். ஒருவர் பேரமே பேசாமல் சரி என்றார். (அப்பவே உஷாராகியிருக்கணும்!) "தம்பி, நான் அனுப்புற கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடு, பணம் ஏறிடும்" என்றார். போட்டேன். செமஸ்டர் கட்டணத்துக்காக அப்பா என் கணக்கில் போட்டு வைத்திருந்த 4,000 ரூபாய் போய்விட்டது.

2016-ல் வந்த இந்த யூபிஐ முறையில் பின் நம்பர் என்பது நம் கையெழுத்து மாதிரி. வங்கியில் யார் வேண்டுமானாலும் சலான் எழுதி நம் கணக்கில் பணம் கட்டலாம். அதற்கு நம் கையெழுத்து வேண்டாம். பணம் எடுக்கத்தான் வேண்டும். இங்கேயும் அப்படியேதான். இருப்பு பார்க்கவும் பின் கேட்கும், ஆனால் பணம் வாங்க ஒருபோதும் கேட்காது. கியூஆர் கோடுக்குள் இருப்பது பணம் பெறுபவரின் முகவரி. ஸ்கேன் செய்பவர்தான் கொடுப்பவர். திரையிலும் ‘செலுத்து’ என்றுதான் இருந்தது. அவசரத்தில் நான் படிக்கவில்லை.

அதைவிடப் பெரிய தப்பு, பயத்தில் இரண்டு நாள் வீட்டில் வாய் திறக்காமல் இருந்தது. 1930 என்ற எண்ணுக்கு உடனே சொன்னால், பணம் கைமாறுமுன் வங்கி அதை நிறுத்திவைக்க வாய்ப்புண்டு. நான் கூப்பிடுவதற்குள் எடுத்துவிட்டார்கள்.

டிராப்டர் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. முதலாம் ஆண்டு தம்பிகள் யாருக்காவது வேண்டுமென்றால் நேரில் வாருங்கள், ரொக்கமாகவே கொடுங்கள்.