சறுக்கு லிஃப்டில் மிதிவண்டியை மலையேற்றும் முறை: பாதுகாப்பு வழிகாட்டி

பனிச்சறுக்கு விளையாட்டுக்காக மலைச்சரிவுகளில் நிறுவப்பட்ட லிஃப்டுகள் கோடையில் வேலையின்றிக் கிடக்காமலிருக்க, ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் உள்ள பல மலைத் தலங்கள் அவற்றை மலை மிதிவண்டி ஓட்டுபவர்களுக்காக இயக்கிவருகின்றன. கனடாவின் விஸ்லர் மலையில் 1999இல் தொடங்கப்பட்ட மிதிவண்டிப் பூங்கா இவற்றுள் பெரும்பெயர் பெற்றது. ஆயினும், சறுக்குப் பலகை அணிந்து பனியில் வழுக்கிச் செல்லும் ஒருவரை இழுப்பதற்கென்று உருவான பொறி, கரடுமுரடான தரையில் உருளும் வண்டியையும் அதன்மேல் அமர்ந்தவரையும் சேர்த்து இழுக்கும்போது, விசைகள் செயல்படும் இடமும் திசையும் மாறிவிடுகின்றன. பனியில் விழுபவர் தம்மை இழுக்கும் கொம்பை விட்டுவிட்டால் லிஃப்டுக்கும் அவருக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடும். மிதிவண்டியிலோ, இணைப்பு வண்டியோடு பூட்டப்பட்டிருப்பதால், விழுந்த பின்னும் இழுபடும் அபாயம் உண்டு. ஆகவே, எப்படி மாட்டுவது என்பதைக் கற்பதற்கு முன்பே எப்படிக் கழற்றுவது என்பதைக் கற்றுத் தேர்வதே இந்த முறையின் முதல் விதியாகும்.

லிஃப்ட் வகைகள்

மிதிவண்டிக்குப் பயன்படும் லிஃப்டுகளை இரு பெரும் பிரிவுகளாகக் கொள்ளலாம். முதலாவது இழுவை லிஃப்ட். இதில் பயணி தரையிலேயே இருக்க, தலைக்கு மேல் சுழன்றோடும் எஃகு வடத்திலிருந்து தொங்கும் கொம்பு அவரைச் சரிவின்மீது இழுத்துச் செல்கிறது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் எர்ன்ஸ்ட் கான்ஸ்டாம் வடிவமைத்து 1934 டிசம்பரில் தாவோஸ் நகரின் போல்கன் சரிவில் இயங்கத் தொடங்கிய லிஃப்ட் இவ்வகைக்கு முன்னோடியாகும். கொம்பின் முனையில் தலைகீழான ‘டி’ எழுத்தைப் போன்ற குறுக்குக் கட்டை இருந்தால் அது டி-பார் என்றும், வட்டத் தட்டு இருந்தால் தட்டு லிஃப்ட் என்றும் பெயர் பெறும். இரண்டாவது, தரையை விட்டு மேலே தூக்கிச் செல்லும் வகை. நாற்காலி லிஃப்டும், மூடிய பெட்டிகளைக் கொண்ட கேபிள் காரும் இதில் அடங்கும். இரண்டாம் வகையில் வண்டி வெறும் சரக்காகவே ஏறுகிறது என்பதால் இடர் ஏறும் இடத்திலும் இறங்கும் இடத்திலும் குவிந்திருக்கிறது. இழுவை லிஃப்டிலோ வழி நெடுகிலும் ஓட்டுபவரின் கவனமே பாதுகாப்பாக அமைவதால், இக்கட்டுரை அதையே விரிவாக எடுத்துக்கொள்கிறது.

படி 1: ஒப்புதலை உறுதிசெய்தல்

ஐரோப்பிய ஒன்றியத்தில் இழுவை லிஃப்டுகள் உட்பட வடவழிப் போக்குவரத்து அமைப்புகள் 2016/424 என்ற எண்ணுள்ள ஒழுங்குவிதிக்கு உட்பட்டவை. ஆகையால் கொம்பின் முனையை மாற்றுவதோ, அதில் புதிய கொக்கியைப் பொருத்துவதோ உரிமையாளரின் விருப்பத்துக்கு விடப்பட்ட சிறு வேலையன்று. லிஃப்டைத் தயாரித்த நிறுவனத்தின் இசைவும், அந்நாட்டுக் கண்காணிப்பு அமைப்பின் ஒப்புதலும் பெற்ற பின்னரே அதைச் செய்ய வேண்டும். மிதிவண்டிக்கென அறிவிக்கப்படாத லிஃப்டில் ஓட்டுபவர் தாமாகவே கயிறு கட்டி ஏற முயல்வதை எந்தச் சூழ்நிலையிலும் அனுமதிக்கக் கூடாது.

படி 2: இழுவைத் தடத்தைச் சீர்செய்தல்

குளிர்காலத்தில் தரைக்கு மேல் திரளும் பனி, பள்ளங்களை நிரப்பித் தடத்தின் மட்டத்தை உயர்த்திவிடுகிறது. பனி உருகியதும் வடத்துக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி அதிகரிப்பதோடு, மறைந்திருந்த குழிகளும் பாறை முனைகளும் வெளிப்படுகின்றன. பள்ளமான இடத்தில் கொம்பு வண்டியை முன்னே இழுப்பதற்குப் பதிலாக மேலே தூக்க முற்படும். மேட்டைத் தாண்டிச் சட்டென்று இறங்கும் இடத்தில், கொம்பை வடத்தோடு இணைக்கும் இழுகயிறு தளர்ந்து, அடுத்த கணமே வெட்டி இழுக்கும். எனவே கோடைத் தொடக்கத்தில் தடம் முழுவதையும் நடந்து பார்த்து, குழிகளை நிரப்பி, கற்களை அகற்றி, பக்கவாட்டுச் சாய்வைச் சமன்செய்ய வேண்டும். விழுந்தவர் உடனே ஒதுங்குவதற்கு ஏற்ற வெற்றிடமும் தடத்தை ஒட்டித் தொடர்ச்சியாக இருப்பது அவசியம். மழைக்குப் பின் களிமண் வழுக்கும் நிலையில் இருந்தால், தடம் காயும்வரை இயக்கத்தை நிறுத்திவைப்பதே முறை.

படி 3: இணைக்கும் இடத்தைத் தேர்தல்

வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்து 95 கிலோ எடை கொண்டிருப்பதாகக் கொண்டால், நூறு மீட்டருக்கு இருபது மீட்டர் உயரும் 20 விழுக்காட்டுச் சரிவில் அவர்களை இழுக்க ஏறத்தாழ 19 கிலோ எடைக்கு நிகரான விசை தேவைப்படும். சரிவு 40 விழுக்காடானால் அது 35 கிலோவை எட்டும். வடம் தலைக்கு மேலே ஓடுவதால் இழுகயிறு சாய்வாகவே அமைகிறது. அது சரிவோடு 30 பாகைக் கோணத்தில் இருந்தால், முதல் நிலையில் சுமார் 11 கிலோவும் இரண்டாம் நிலையில் சுமார் 20 கிலோவும் வண்டியின் முன்பகுதியை மேல்நோக்கித் தூக்கும். சரிவின் காரணமாக எடை ஏற்கெனவே பின்சக்கரத்துக்குச் சாய்ந்திருக்கும் நிலையில், இந்தத் தூக்குவிசையும் சேர்ந்துகொண்டால் முன்சக்கரம் தரைப்பிடிப்பை இழந்து ஆடத் தொடங்கும்.

இதிலிருந்து மூன்று விதிகள் பிறக்கின்றன. முதலாவதாக, இணைப்பு வண்டியின் மையக்கோட்டில், அதாவது ஹேண்டில்பாரை முன்கவைத் தண்டோடு பிணைக்கும் நடுத்தண்டில் அமைய வேண்டும். ஹேண்டில்பாரின் ஒரு பக்கத்தில் மாட்டினால் இழுவிசையே வண்டியைத் திருப்பிவிடும். இரண்டாவதாக, பிரேக் கம்பிகளோ விளக்கோ கொக்கியின் வழியில் குறுக்கிடக் கூடாது. மூன்றாவதாக, கயிற்றை முடிச்சிட்டோ, திருகிப் பூட்டும் வளையத்தைக் கொண்டோ வண்டியைப் பிணைக்கவே கூடாது. கயிறு இறுகியிருக்கும்போதும் ஒரு கையால், ஒரே அசைவில் விடுவிக்கக்கூடிய இணைப்பு மட்டுமே ஏற்கத்தக்கது. ஓட்டுபவரின் இடுப்பிலோ பையிலோ கயிற்றைக் கட்டுவது உயிருக்கே ஆபத்தானது.

படி 4: வண்டியையும் உடையையும் சோதித்தல்

ஏறுமுன் இரு பிரேக்குகளையும் அழுத்தி, வண்டி முன்னும் பின்னும் நகராமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நடுத்தண்டின் திருகாணிகள் இறுகியுள்ளனவா என்பதும் இப்போது சரிபார்க்கப்பட வேண்டும், ஏனெனில் மேலேறும் வரை முழு இழுவிசையையும் தாங்கப்போவது அந்த இடமே. காலணியைப் பெடலோடு பூட்டும் அமைப்பு இருந்தால் அதைத் தவிர்த்து, தட்டையான பெடலைப் பயன்படுத்துவது நல்லது. மின்மிதிவண்டியாக இருந்தால் மோட்டாரை அணைத்துவிட வேண்டும். இல்லையெனில் பெடல் சற்றே அழுந்தினாலும் அது உந்தி, கயிற்றைத் தளரச் செய்யக்கூடும். தொங்கும் பைப்பட்டைகள், கழுத்துத் துணி, அவிழ்ந்த கூந்தல் ஆகியவை கொம்பில் சிக்கிக்கொள்ளும் என்பதால் அவற்றை உள்ளே செருகி, ஹெல்மெட்டின் பட்டையை இறுக்கிய பின்னரே வரிசையில் நிற்க வேண்டும்.

படி 5: விடுவிப்பைப் பழகுதல்

புதியவர் ஒருவர் லிஃப்டை அணுகுமுன், சமதளத்தில் நிறுத்தப்பட்ட வண்டியில் அமர்ந்து, பணியாளர் கயிற்றைக் கையால் இழுத்துப் பிடித்திருக்கும்போதே இணைப்பைக் கழற்றிப் பழக வேண்டும். முதலில் பார்த்தபடியும், பின்னர் பார்வையை முன்னே வைத்தபடியும், இறுதியாக வண்டியைச் சற்றே சாய்த்துப் பிடித்த நிலையிலும் இதைச் செய்து காட்டியவரையே மேலே அனுப்பலாம். பதற்றத்தில் கை தானாகவே ஹேண்டில்பாரை இறுகப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. அந்த இயல்பை மீறிக் கை விடுவிப்பானை நாட வேண்டுமானால் பயிற்சியைத் தவிர வேறு வழியில்லை.

படி 6: மாட்டிப் புறப்படுதல்

டி-பார் கொம்பு இருவர் பயணம் செய்வதற்காக அமைந்ததாயினும், மிதிவண்டியில் ஒருவரை மட்டுமே ஏற்ற வேண்டும். ஒருவர் தடுமாறினால் மற்றவரின் சக்கரமும் சிக்கிக்கொள்ளும். ஓட்டுபவர் தடத்தின் நடுவில் வண்டியை நேராக நிறுத்தி, இருக்கையில் அமர்ந்து, ஒரு காலைத் தரையில் ஊன்றியிருக்க, கொம்பை மாட்டும் வேலையைப் பணியாளரே செய்ய வேண்டும். கொம்பின் தலைப்பகுதியில் உள்ள சுருள்பெட்டியிலிருந்து கயிறு சில நொடிகள் விரிந்து, அதன் பின்னரே முழு இழுப்பு தொடங்கும். அந்த இடைவெளியில் பிரேக்கை விட்டு, முழங்கைகளைச் சற்றே மடக்கி, மார்பை ஹேண்டில்பாரை நோக்கித் தாழ்த்தி, முன்சக்கரத்தின்மீது எடையைக் கொண்டுவர வேண்டும். வண்டி நகர்ந்ததும் தரையில் ஊன்றிய காலைத் தூக்கி, இரு பெடல்களும் தரைக்கு இணையாக இருக்கும்படி வைக்க வேண்டும்.

படி 7: ஏறும் வழியில் கவனிக்க வேண்டியவை

ஏறும்போது பெடலை மிதிக்கக் கூடாது. மிதித்தால் வண்டி கொம்பை முந்திக் கயிறு தளர்ந்து, பிறகு வெட்டி இழுக்கும். இரு கைகளும் ஹேண்டில்பாரில் இருக்க, விரல்கள் பிரேக்கின்மீது அழுத்தமின்றிப் படிந்திருக்க வேண்டும். பார்வை முன்சக்கரத்தின்மீது அல்லாமல் சில மீட்டர் தொலைவில் நிலைத்திருந்தால் வண்டி நேர்க்கோட்டில் செல்லும். தடத்தை விட்டு விலகி வளைந்து செல்வது வேடிக்கையாகத் தோன்றினாலும், அது வடத்தைப் பக்கவாட்டில் இழுத்து, தாங்குகோபுரத்தின் சக்கரங்களிலிருந்து நழுவச் செய்யக்கூடும் என்பதால் முற்றிலும் விலக்கத்தக்கது. லிஃப்ட் இடையில் நின்றுவிட்டால், இரு பிரேக்குகளையும் பிடித்து, ஒரு காலை ஊன்றி, இணைப்பைக் கழற்றாமல் காத்திருக்க வேண்டும். மீண்டும் இயங்கும் தருணத்தில் வெட்டி இழுக்கும் என்பதை எதிர்பார்த்திருப்பதும் அவசியம்.

படி 8: விழ நேர்ந்தால்

சமநிலை குலைகிறது என்று உணர்ந்த கணமே வண்டியைக் காப்பாற்ற முயலாமல் இணைப்பைக் கழற்ற வேண்டும். கழன்ற வண்டி பின்னோக்கி உருளத் தொடங்கும். அப்போது தாழ்வாக இருப்பது பின்சக்கரமே என்பதால் எடை அதன்மீதே விழுகிறது, ஆகவே முன்பிரேக்கை மட்டும் நம்பாமல் இரண்டையும் சேர்த்துப் பிடித்து, வண்டியைச் சரிவுக்குக் குறுக்காகத் திருப்பி நிறுத்த வேண்டும். அடுத்த வேலை தடத்தை விட்டு ஒதுங்குவதாகும். வடம் நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஓட, கொம்புகளுக்கு இடையே 20 மீட்டர் இடைவெளி இருக்குமானால், அடுத்தவர் வந்து சேரப் பத்து நொடிகளே உள்ளன. ஒதுங்கியவர் நடுவழியில் வேறு கொம்பைப் பிடிக்க முயலாமலும், இழுவைத் தடத்திலேயே கீழிறங்காமலும், குறிக்கப்பட்ட வெளியேறும் பாதை வழியாகத் திரும்ப வேண்டும்.

படி 9: உச்சியில் கழற்றுதல்

இறங்குமிடத்தில் தரை சமமாவதால் கயிற்றின் இறுக்கம் குறையும். அறிவிப்புப் பலகை குறிக்கும் அந்த இடத்தில்தான் கழற்ற வேண்டும். அதற்கு முன்பே, இறுக்கம் மிகுந்த நிலையில் அவசியமின்றிக் கழற்றினால், சுருள்பெட்டியின் வில்விசையால் கொம்பு வேகமாக மேலெழுந்து வீசும். அது பின்னால் வருபவரைத் தாக்கவோ வடத்தில் சுற்றிக்கொள்ளவோ கூடும். கழற்றியவுடன் சில மீட்டர் மிதித்துத் தடத்தை விட்டு வெளியேறி, அடுத்தவருக்கு இடம் விட வேண்டும். இறங்க மறந்தவர் கடந்து சென்றால் லிஃப்டைத் தானாகவே நிறுத்தும் பாதுகாப்புப் பொறி உச்சியில் உண்டு; அது வேலை செய்கிறதா என்பதைப் பணியாளர் ஒவ்வொரு நாளும் இயக்கத்துக்கு முன் சோதித்தாக வேண்டும்.

நாற்காலி லிஃப்டும் கேபிள் காரும்

நாற்காலி லிஃப்டில் மிதிவண்டி தனித் தாங்கியிலோ நாற்காலியின் பின்புறக் கொக்கியிலோ ஏற்றப்பட, ஓட்டுபவர் வேறு நாற்காலியில் அமர்ந்து செல்வது வழக்கம். வண்டியை மடியில் வைத்துக்கொண்டு ஏறுவது கூடாது. வடத்தோடு நிலையாகப் பிணைந்த நாற்காலிகள் நிலையத்திலும் வேகம் குறையாமல் வருவதால், வண்டியை ஏற்றுவதும் இறக்குவதும் பணியாளரின் பொறுப்பாகவே இருக்க வேண்டும். நிலையத்தில் வடத்தை விட்டுப் பிரிந்து மெதுவாக நகரும் நாற்காலிகளிலும் கேபிள் கார்களிலும் இந்த வேலை எளிதாகிறது. தாங்கியின் எடை வரம்பையும் டயரின் அகல வரம்பையும் முன்கூட்டியே கேட்டறிவது மின்மிதிவண்டி வைத்திருப்போருக்கு மிக முக்கியம்.

திரொன்ஹைம் நகரம் காட்டும் தீர்வு

இதே கொள்கையை நகரத் தெருவுக்குக் கொண்டுவந்த அமைப்பு நார்வேயின் திரொன்ஹைம் நகரில் உள்ளது. சறுக்கு லிஃப்டைப் பார்த்து யார்லே வான்விக் உருவாக்கிய ‘டிராம்பெ’ என்னும் மிதிவண்டி லிஃப்ட், புருபாக்கன் என்ற செங்குத்தான தெருவில் 1993இல் நிறுவப்பட்டு, 2013இல் புதுப்பிக்கப்பட்டது. அதன் நீளம் ஏறத்தாழ 130 மீட்டர். இதில் வடம் தரைக்கடியில் ஓடுகிறது. தெருவோரப் பிளவிலிருந்து எழும் சிறு தகட்டில் ஓட்டுபவர் வலக்காலை ஊன்றி, அதை விறைப்பாக நீட்டி, இடக்காலைப் பெடலில் வைத்து, உடலை முன்னே சாய்த்தால், தகடு அவரைப் பின்னிருந்து தள்ளிச் செல்கிறது. காலை எடுத்ததும் தகடு பிளவுக்குள் மறைந்துவிடுகிறது. வண்டியில் எதுவும் மாட்டப்படுவதில்லை. விசை மேலிருந்து இழுப்பதில்லை என்பதால் முன்சக்கரம் தூக்கப்படுவதுமில்லை. விடுவிப்பதற்குத் தனிச் செயல் எதுவும் தேவைப்படாத இந்த அமைப்பு, இழுவை லிஃப்டுக்கான இணைப்பை வடிவமைப்போர் அணுக வேண்டிய இலக்கைத் தெளிவாகக் காட்டுகிறது.

பணியாளரின் அதிகாரம்

மேற்கூறிய படிகள் அனைத்தும் பயன்தருவது, கீழ்நிலையத்திலும் உச்சியிலும் நிறுத்துபொத்தானுக்கு அருகில் ஒருவர் எப்போதும் நின்று, தடத்தைக் கண்காணிக்கும்போது மட்டுமே. பிரேக் பழுதான வண்டியையும், விடுவிப்பைச் செய்து காட்ட இயலாத ஓட்டுநரையும் திருப்பி அனுப்பும் முழு அதிகாரம் அந்தப் பணியாளருக்கு அளிக்கப்பட்டிருக்க வேண்டும். நீண்ட வரிசையோ, கட்டணம் செலுத்திவிட்டதாகச் சொல்லும் வாதமோ அந்த முடிவை மாற்றக் கூடாது. மறுக்கப்பட்டவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தேறினால் இழப்பது சிறிது நேரமே என்பதை நிர்வாகமும் ஓட்டுபவரும் ஒருசேர ஏற்கும் இடத்தில்தான் இந்த லிஃப்டுகளை நம்பிக்கையோடு இயக்க முடியும்.