ஓடுகிற தாளத்தைத் திருத்துவது எப்படி?

கேள்வி: அம்பத்தூர் எஸ்டேட்டில் சி.என்.சி. மெஷினில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறேன். பள்ளி நாட்களில் ஆறு வருஷம் மிருதங்கம் கற்றேன், அப்புறம் விட்டுப்போனது. கம்ப்யூட்டரில் ஒருவர் கோடு எழுத எழுத இசை மாறிக்கொண்டே போவதைச் சமீபத்தில் வீடியோவில் பார்த்தேன். லைவ் கோடிங் என்கிறார்கள். என்னிடம் பழைய லேப்டாப் இருக்கிறது. அதில் எனக்கென்று ஒரு வாத்தியம் செய்துகொள்ள முடியுமா? மேடையில் வாசிக்கலாமா? இல்லை, இதுவும் பிளே பட்டனை அழுத்துகிற வேலைதானா?
– ஒரு வாசகர், ஆவடி

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன். பட்டனை அழுத்தினால் ஓடுவது ஏற்கெனவே முடித்துவைத்த பாட்டு. லைவ் கோடிங்கில் பாட்டு ஓடும்போதுதான் அதை எழுதுகிறோம். உங்கள் மெஷினில் ஃபீட் ஓவர்ரைடைத் திருப்பி வேகத்தைக் கூட்டுவீர்கள், குறைப்பீர்கள். ஆனால் வெட்டிக்கொண்டிருக்கும் வரியில் கை வைக்க மாட்டீர்கள், டூல் போய்விடும். இங்கே கை வைப்பதே அந்த வரியில்தான்.

இதில் பாதி உங்களுக்கு வந்துவிட்டது. "தகிட தகிட தக" என்று வாயால் சொல்லிவிட்டுத்தானே மிருதங்கத்தில் கை வைத்தீர்கள்? சொற்கட்டு என்பதே தாளத்தை எழுத்தாக்கும் மொழி. 1980களில் பெர்னார்ட் பெல், ஜேம்ஸ் கிப்பன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் லக்னோ தபலா மரபின் சொற்களை இலக்கண விதிகளாக எழுதி, கம்ப்யூட்டரைக் கொண்டே புதிய அடுக்குகளை உருவாக்கவைத்தார்கள். அவை சரியா தவறா என்று சொன்னவர் அந்த மரபின் உஸ்தாத் அஃபாக் ஹுசைன் கான். அந்த மென்பொருளின் பெயர் போல் ப்ராசசர். இங்கிலாந்தின் அலெக்ஸ் மெக்லீன் பின்னாளில் உருவாக்கிய டைடல் சைக்கிள்ஸ் என்ற லைவ் கோடிங் மென்பொருளில் தாளத்தை எழுதும் முறைக்கு அதுவும் ஒரு மூலம். ஆக, வெளியூர்ச் சரக்கு என்று மிரள வேண்டாம்.

எந்த மென்பொருள்? டைடலின் வழியில் 2022இல் வந்த ஸ்ட்ரூடலை எதையும் நிறுவாமல் பிரவுசரிலேயே திறக்கலாம். கன்ட்ரோல்-என்டர் அழுத்திய கணமே மாற்றம் ஏறிக்கொள்ளும், சுழற்சியின் கணக்கு மட்டும் கலையாது. சோனிக் பை, கேம்பிரிட்ஜில் சாம் ஆரன் 2012இல் பள்ளிப் பிள்ளைகளுக்காக, ராஸ்பெரி பை என்ற சின்னஞ்சிறு கம்ப்யூட்டரிலேயே ஓடும்படி செய்தது. அதன் லைவ் லூப், ஓடுகிற சுற்று முடியும்வரை காத்திருந்து அடுத்த சுற்றில்தான் மாறும். ஆதி தாளத்தின் 8 அட்சரத்தையும் ஒரே லூப்பில் வைத்தால், மூன்றாவது அட்சரத்தில் நீங்கள் ரன் கொடுத்தாலும் புதியது அடுத்த சமத்தில்தான் எடுக்கும். மிருதங்கக்காரருக்கு இதுவே வசதி. இரண்டு மென்பொருளும் இலவசம்.

சோனிக் பையில் ஒரு பள்ளம் உண்டு. திஸ்ர நடைக்கு இடைவெளியை 0.33 என்று எழுதினால் மூன்று சேர்ந்து 0.99தான் வரும். பன்னிரண்டரை ஆவர்த்தனத்தில் தாளம் ஓர் அட்சரம் முன்னே ஓடியிருக்கும். 1/3 என்று எழுதினாலும் ஆகாது, முழு எண் வகுத்தலாக எடுத்துக்கொண்டு பூஜ்யம் தரும். 1.0/3 என்று எழுதுங்கள்.

இனி வாத்தியத்துக்கு வருவோம். தா, தீ, தொம், நம், சாபு என்று உங்கள் கையின் அடிகளையே தனித்தனியாகப் பதிவு செய்யுங்கள். எம்பி3 வேண்டாம், முன்னால் துளி மௌனத்தைச் சேர்த்துவிடும். வேவ் கோப்பாக வைத்து, ஒலி தொடங்கும் இடத்தில் ஒட்ட நறுக்குங்கள். பிறகு, உங்கள் மெஷினில் செய்வது போலவே, சப் ப்ரோக்ராம் வேலை. ஓர் அட்சரம் ஒரு வினாடி என்றால் ஆவர்த்தனத்துக்கு 8 வினாடி. அதற்குள் அறுபது எழுத்து வரியை அடித்து, பிழை பார்த்து, ரன் கொடுக்க யாராலும் ஆகாது. நீளமானதையெல்லாம் வீட்டிலேயே எழுதி ஒரு குட்டிப் பெயருக்குள் அடக்கிவிடுங்கள். மேடையில் 4ஐ 5 ஆக்கினால் சதுஸ்ரம் கண்டமாக வேண்டும், அவ்வளவுதான் விரலுக்கு வேலை. எட்டு இடத்தில் மூன்று அடியைக் கூடியவரை சமமாகப் பரப்ப ஒரு தயார் கட்டளை உண்டு. அதில் 3, 8 என்று கொடுத்தால் வருவது உங்கள் தகிட தகிட தகதான். 3ஐ 5 ஆக்கிப் பாருங்கள், வேறு முகம் காட்டும்.

ஆனால் எல்லாவற்றையும் அடக்கிவிடாதீர்கள். மாற்ற ஒன்றுமில்லை என்றால் அது பிளே பட்டனாகிவிடும். எதை மேடைக்கு விட்டுவைப்பது என்று முடிவெடுப்பதுதான் இந்த வாத்தியத்தைக் கடைவது.

மேடையில் திரையைச் சபைக்குக் காட்டுங்கள். 2004இல் ஹாம்பர்கில் தொடங்கிய டாப்லாப் குழு வலியுறுத்திய வழக்கம் அது. கை எங்கே விழுகிறது என்று பார்க்காமல் யார் தனியாவர்த்தனம் ரசிப்பார்கள்? எழுத்தைக் கடைசி வரிசைக்கும் தெரிகிற அளவுக்குப் பெரிதாக்குங்கள். கடைசியில் ஒலி வெளியேறும் இடத்தில், ஓர் அளவுக்கு மேல் சத்தத்தை விடாத ஒரு லிமிட்டரும் போடுங்கள். பூந்தமல்லிப் பக்கம் ஒரு கல்லூரி அரங்கில் ஒலி அளவை எழுதும்போது ஒரு புள்ளியை விட்டுவிட்டேன். 0.9 வர வேண்டிய இடத்தில் 9. முன்வரிசை முழுக்கக் காதைப் பொத்திக்கொண்டது.

முதல் மாதம் ஆதி தாளம் மட்டும், நடை மாற்றம் மட்டும். ரெண்டு கையும் கீபோர்டில் இருப்பதால் தாளத்தைக் காலுக்குக் கொடுங்கள். தாளம் தெரிந்த ஒருவரை, திரையைப் பார்க்காமல், எதிரே கை போட்டபடி உட்காரவையுங்கள். மாற்றம் சமத்தில் விழுந்ததா என்பதை அவர் கையைப் பார்த்தே தெரிந்துகொள்வீர்கள்.