மலையேற டர்போ வேண்டுமா? ஒரு ஜீப்பின் கணக்கு

மலருக்குக் கவிதை எழுத எனக்கு வராது. எங்கள் வீட்டில் நடந்த ஒரு வாக்குவாதத்தையும், அதற்காக நான் போட்ட கணக்கையும் எழுதுகிறேன். தெர்மல் பேப்பர் எழுதுகிறவர்களுக்கு உதவினாலும் உதவும்.

அப்பா போடியில் ஜீப் ஓட்டுகிறார். விடியற்காலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாகப் பூப்பாறைப் பக்கம் போவார். சாயங்காலம் கூட்டி வருவார். அம்மாவும் அதே ஜீப்பில்தான் கூலிக்குப் போகிறார். வண்டியில் இருப்பது மஹிந்திராவின் பழைய 2523 சி.சி. டீசல் இன்ஜின், டர்போ கிடையாது. "டர்போ வண்டிக்காரனெல்லாம் ஏத்தத்துல நம்மளைத் தாண்டிப் போறான்" என்பது அண்ணனின் வருத்தம். ஒரு மெக்கானிக் பழைய டர்போ ஒன்றை மாட்டித் தருவதாகச் சொல்லியிருந்தார். நாற்பதாயிரம் ரூபாய், வட்டிக்குத்தான் வாங்க வேண்டும். அப்பா என்னைப் பார்த்து, "இந்த வீட்டுல காலேஜ் படி ஏறுனவன் நீ ஒருத்தன்தான். சரியா தப்பான்னு நீயே சொல்லுப்பா" என்றார். செமஸ்டர் கேள்விக்குக்கூட எனக்கு அப்படி வியர்த்ததில்லை.

முதலில் அண்ணன் பக்க நியாயம். டர்போ இல்லாத இன்ஜின் தானாக மூச்சு இழுக்கிற இன்ஜின். வெளியே காற்று எவ்வளவு அடர்த்தியோ அதற்குத் தக்கபடிதான் உள்ளே போகும். போடி நகரம் ஏறத்தாழ 350 மீட்டர் உயரம், போடிமெட்டு ஏறத்தாழ 1,400 மீட்டர். நடுவே 17 கொண்டை ஊசி வளைவுகள். நம் ஜீப் 2000 ஆர்.பி.எம்.மில் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். நான்கு ஸ்ட்ரோக் என்பதால் நிமிடத்துக்கு 1000 முறை உறிஞ்சும். வால்யூமெட்ரிக் எஃபிஷியன்சி 85 சதவீதம் என்று வைத்தால் சுமார் 2,145 லிட்டர் காற்று. பாடப்புத்தகத்தின் நிலையான வளிமண்டல அட்டவணைப்படி அது போடியில் 2.54 கிலோ, மெட்டில் 2.29 கிலோ. பத்தில் ஒரு பங்கு காற்று வழியிலேயே காணாமல் போகிறது! ஆனால் பழைய டீசல் பம்புக்கு மலை தெரியாது. கீழே ஊற்றிய அளவு டீசலையே மேலேயும் ஊற்றும். எரியாத மிச்சம்தான் நாம் பார்க்கும் கரும்புகை.

டர்போ இந்த இடத்தில்தான் உதவுகிறது. வீணாய்ப் போகும் புகையின் வேகத்தில் ஒரு சக்கரம் நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழன்று, காற்றை அமுக்கி உள்ளே தள்ளும். சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பூஷி 1905-லேயே காப்புரிமை பெற்ற யோசனை இது. மலைப் பந்தயத்தில் இதன் பலம் நன்றாகத் தெரியும். அமெரிக்காவில் பைக்ஸ் பீக் என்ற மலையில் 156 வளைவுகள், உச்சி 4,300 மீட்டர். 2013-ல் செபாஸ்டியன் லோப் இரட்டை டர்போ பூட்டிய பெஜோ காரில் 8 நிமிடம் 13 வினாடியில் ஏறினார். 2018-ல் அந்தச் சாதனையை முறியடித்தது மின்சாரக் கார். அதற்கு மூச்சே வேண்டாமே!

மூச்சு இழுக்கிற இன்ஜினையே பலப்படுத்த வேறு வழி உண்டு. கேம் மாற்றுவது, போர்ட்டைத் தேய்ப்பது, கம்ப்ரஷனைக் கூட்டுவது. பெட்ரோல் ராலி கார்களுக்கு இது சரி. நம் நாட்டு ராலிகளில் புகழ்பெற்ற 1298 சி.சி. மாருதி ஜிப்ஸி டர்போ இல்லாததுதான். மிதித்தவுடன் பதில் சொல்லும். ஆனால் அந்தப் பலம் பெரும்பாலும் உயர்ந்த ஆர்.பி.எம்.மில் வருவது. முதல் கியரில் வளைவை விட்டுத் திரும்பும் ஜீப்புக்கு அதனால் பலனில்லை. டர்போவும் அந்த இடத்தில் கொஞ்சம் தூங்கும் என்பதையும் சொல்ல வேண்டும். 1200 ஆர்.பி.எம்.மில் புகை வேகம் போதாது. சக்கரம் எழும்பும் வரை காத்திருக்க வேண்டும்.

இனி அப்பாவுக்குச் சொல்ல வேண்டியது. டர்போ தருவது காற்றை மட்டும்தான், சக்தியைத் தருவது டீசல். பம்பைத் தொடாமல் டர்போ மாட்டினால் புகை குறையும், இழுவை பெரிதாகக் கூடாது. பம்பைக் கூட்டினால் இழுவை வரும், கூடவே சூடும் வரும். கம்பெனியே டர்போ வைக்கும்போது பிஸ்டன், ஆயில் வழி, ரேடியேட்டர் எல்லாவற்றையும் சேர்த்தே யோசித்திருப்பார்கள். டர்போவின் பேரிங் இன்ஜின் ஆயிலில்தான் மிதக்கிறது. ஏற்றம் முடிந்து மெட்டில் டீ குடிக்க நிறுத்தியதும் சாவியைத் திருகினால் உள்ளே ஆயில் கருகும். ஓரிரு நிமிடம் ஐடிலில் விட வேண்டும். டீசலைக் கணக்குப் பார்க்கும் எந்த டிரைவர் விடுவார்? சட்டமும் இடிக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது.

இவற்றையெல்லாம் விட என்னை உறுத்தியது இறக்கம். ஏறும்போது நம்மை இழுப்பது காற்றும் டீசலும். இறங்கும்போது நம்மைப் பிடித்து நிறுத்துவது கியர், சிலிண்டரின் கொள்ளளவு, கம்ப்ரஷன், அப்புறம் பிரேக். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் டர்போ வெறும் இரும்பு. சிறிய இன்ஜினில் டர்போ வைத்துப் பெரிய இன்ஜினின் சக்தியை வாங்கலாம், ஆனால் பெரிய இன்ஜினின் பிடிமானத்தை வாங்க முடியாது. எங்கள் ஜீப்பில் சிலிண்டர் அதேதான், எனவே பிடிமானமும் அதேதான். ஆனால் இழுவை கூடினால் இன்னும் நாலு பேரை ஏற்றச் சொல்லும் மனசு. பிரேக் மட்டும் பழைய பிரேக். சாயங்காலம் பனியில், பின்னால் அம்மாவும் அக்காமாரும் தூங்கி விழுந்துகொண்டு வரும் நேரம்.

இரவு நோட்டைக் காட்டினேன். அப்பா கணக்கைப் பார்க்கவில்லை, ஒரே கேள்விதான் கேட்டார்.

"இறக்கத்துல அது ஒண்ணும் செய்யாதா?"

"செய்யாதுப்பா."

"அப்ப வேணாம்."

கடன் வாங்கவில்லை. கையிலிருந்த பணத்தில் ஏர் ஃபில்டர் மாற்றி, நாசில் செக் செய்து, டேப்பட் வைத்து, நாலு சக்கரத்துக்கும் பிரேக் லைனிங் போட்டோம். புகை நன்றாகக் குறைந்திருக்கிறது. வேகம் கூடவில்லை, புது வண்டிகள் இன்னமும் தாண்டித்தான் போகின்றன. அண்ணன் என்னோடு சரியாகப் பேசி மூன்று வாரம் ஆகிறது.