கையில் நிற்பது எவ்வளவு?

மே மாதக் கடைசி வாரம். பள்ளி திறக்கச் சில நாள்களே இருந்தன. முன்னாள் மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். நிலக்கோட்டைப் பக்கத்துப் பெண். பத்தாம் வகுப்பில் என்னிடம் கணிதம் படித்தவள். எம்.எஸ்சி. இயற்பியலும் பி.எட்.டும் முடித்து, திண்டுக்கல்லில் ஒரு தனியார் பள்ளியில் மாதம் 16,000 ரூபாய்க்குப் பாடம் எடுக்கிறாள். தண்ணீர் குடித்த கையோடு கைபேசியை நீட்டினாள். ஐக்கிய அரபு அமீரகத்தில் இந்தியப் பாடத்திட்டப் பள்ளி ஒன்றின் பணி வாய்ப்புக் கடிதம்.

"சார், மாசம் 4,000 திர்ஹாம். 23 ரூபாயால பெருக்கினா 92,000 வருது. ஏஜென்ட் ஒன்றரை லட்சம் கேக்குறாரு. அப்பா பூந்தோட்டத்த அடமானம் வச்சுரலாம்னு சொல்றாரு. போகலாமா சார்?"

இப்படிக் கேட்டு வரும் பிள்ளைகள் நம் எல்லோருக்கும் இருக்கிறார்கள். பி.எட். முடித்துவிட்டுத் தேர்வு அறிவிப்புக்குக் காத்திருப்பவர்கள், தகுதித் தேர்வில் வென்றும் பணி கிடைக்காதவர்கள், நம் உறவினர்கள், சில சமயம் பக்கத்து நாற்காலியில் இருக்கும் ஆசிரியரே. போ என்றும் போகாதே என்றும் சொல்ல நாம் யார்? ஆனால் கணக்குப் போடக் கற்றுக்கொடுத்தவர்கள் என்ற உரிமை இருக்கிறது. அன்று அவளுடன் உட்கார்ந்து போட்ட கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் 4,000 என்ற எண்ணைப் பிரித்தோம். கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் இருந்தது: அடிப்படை ஊதியம் 1,800, வீட்டு வாடகைப்படி 1,200, பயணப்படி 400, இதரப்படி 600. "எப்படிப் பிரிச்சா என்ன சார், மொத்தம் அதேதானே?" என்றாள். மாதச் சம்பளத்துக்கு அதேதான், பணிக்கொடைக்கு அப்படி இல்லை. அமீரகத் தொழிலாளர் சட்டப்படி ஓர் ஆண்டு பணி முடித்தவருக்கு முதல் ஐந்தாண்டுகளில் ஆண்டுக்கு 21 நாள், அதற்குப் பின் ஆண்டுக்கு 30 நாள் ஊதியம் பணிக்கொடையாகச் சேரும். அது அடிப்படை ஊதியத்தில் மட்டுமே கணக்கிடப்படும். 1,800 என்றால் ஆண்டுக்கு 1,260 திர்ஹாம். அதே 4,000-க்குள் அடிப்படை 3,000 ஆக இருந்திருந்தால் 2,100. ஐந்தாண்டு முடிவில் வித்தியாசம் 4,200 திர்ஹாம், நம் பணத்தில் 96,600 ரூபாய். ஒரு தாளில் எண்ணை எங்கே எழுதுகிறார்கள் என்பதில் ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம் ஒளிந்திருக்கிறது.

அடுத்தது செலவு. அங்கே ஏற்கெனவே வேலை பார்க்கும் தோழியிடம் போனிலேயே கேட்டாள். அறையைப் பகிர்ந்துகொண்டால் வாடகை 1,100, சாப்பாடு 700, போன் முதலான சில்லறைச் செலவு 300. ஆக 2,100 போக மிச்சம் 1,900 திர்ஹாம். 92,000 ரூபாய் 43,700 ஆகிவிட்டது.

அப்போதுதான் தோழி ஒரு வார்த்தை சொன்னாள்: "ஜூலை, ஆகஸ்ட் லீவுக்குச் சம்பளம் உண்டான்னு கேட்டுக்க." கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கோடை விடுமுறைக்குச் சம்பளம் தரும் பள்ளியும் உண்டு, தராத பள்ளியும் உண்டு. இல்லை என்றே வைத்துக்கொண்டு போட்டோம். பத்து மாத மிச்சம் 19,000 திர்ஹாம், அதாவது 4,37,000 ரூபாய். அதில் ஏஜென்டுக்கு ஒன்றரை லட்சம், சான்றிதழ் சரிபார்ப்பு, மருத்துவப் பரிசோதனைக்கு 25,000, ஊருக்கு வந்துபோக 25,000 போனால் நிற்பது 2,37,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 19,750 ரூபாய். அடமான வட்டியை இன்னும் கழிக்கவில்லை.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அதற்காகப் பயணமே வீண் என்று நான் சொல்லவில்லை. ஏஜென்ட் பணமும் சான்றிதழ்ச் செலவும் இல்லாத இரண்டாம் ஆண்டில் இதே கணக்கு மாதம் 34,000 ரூபாயைத் தாண்டுகிறது. விடுமுறைச் சம்பளமும் கிடைத்தால் இன்னும் கூடும். முதல் ஆண்டைக் கடன் இல்லாமல் தாண்ட முடியுமா என்பதே கேள்வி.

ஜூனில் எட்டாம் வகுப்புக்குச் சதவீதம் நடத்தியபோது இந்தக் கணக்கை ஊர், பெயர் இல்லாமல் கரும்பலகையில் எழுதினேன். 92,000-இல் 19,750 எத்தனை சதவீதம்? ஏறக்குறைய 21. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "சார், எங்க அம்மா மல்லியப்பூ கணக்கும் இதேதான். கிலோ ஆயிரத்துக்குப் போச்சும்பாங்க. பறிப்புக்கூலி, கமிஷன், பஸ் எல்லாம் போக அம்மா கையில அவ்வளவு வராது." வெளிநாட்டுச் சம்பளத்தை இதைவிடச் சுருக்கமாக நான் விளக்கியிருக்க முடியாது. அன்றைய வீட்டுப்பாடம், வீட்டில் ஒரு பொருளின் விற்ற விலையும் கையில் நின்ற பணமும்.

மாணவியின் கதைக்கு வருகிறேன். ஏஜென்ட் கேட்ட ஒன்றரை லட்சம் என்னை உறுத்தியது. 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் முகவர் இந்திய அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். பணிக்குச் செல்பவரிடம் அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 30,000 ரூபாய். அதன்மேல் ஜி.எஸ்.டி. சேரும், ரசீதும் தர வேண்டும். பதிவு பெற்றவர்களின் பட்டியல் வெளியுறவு அமைச்சகத்தின் 'இ-மைக்ரேட்' தளத்தில் மாநில வாரியாக இருக்கிறது. தேடினோம். அந்தப் பெயர் இல்லை. இத்தனைக்கும் அமீரகச் சட்டம், ஆள் எடுக்கும் செலவை வேலைக்கு வருபவர் தலையில் நேராகவோ சுற்றிவளைத்தோ கட்டக் கூடாது என்று முதலாளிக்குத் தடை போட்டிருக்கிறது.

இங்கே ஆசிரியர்களுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. வளைகுடா நாடுகள் உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, பத்தாம் வகுப்பு தேறாதவர்களுக்குக் குடிபெயர்வு அனுமதி கட்டாயம். அந்த அனுமதிக்காக அவர்களுடைய ஒப்பந்தத்தை அரசு அலுவலர் ஒருவர் பார்க்கிறார், காப்பீடும் கட்டாயமாகிறது. படித்தவர்களுக்கு இந்தச் சோதனை இல்லை. செவிலியர்களுக்கு மட்டும், அவர்கள் படித்தவர்களாக இருந்தும், ஏமாற்றுகள் பெருகியதால் 2015 முதல் இந்த அனுமதி கட்டாயமாக்கப்பட்டது. ஆசிரியர்களுக்கு அப்படி ஏதும் இல்லை. கட்டட வேலைக்குப் போகிறவரின் தாளை ஒருவர் படித்துப் பார்க்கிறார், எம்.எஸ்சி., பி.எட். முடித்தவளின் தாளை அவளே படித்துக்கொள்ள வேண்டும்.

படித்தவர்கள் ஏமாற மாட்டார்கள் என்பதும் உண்மை அல்ல. அமெரிக்காவின் லூசியானா மாநிலப் பள்ளிகளுக்கு 2007 முதல் பிலிப்பைன்ஸ் ஆசிரியர்கள் சுமார் 350 பேர் அழைத்துச் செல்லப்பட்டார்கள். ஒவ்வொருவரும் ஆயிரக்கணக்கான டாலர் கட்டணத்தைக் கடன் வாங்கிக் கட்டியிருந்தார்கள். வழக்குப் போட்டார்கள். 2012இல் நடுவர் குழு அவர்களுக்கு 45 இலட்சம் டாலர் தரத் தீர்ப்பளித்தது. நீதி கிடைத்தது, ஆனால் அதற்குள் ஐந்து ஆண்டுகள் ஓடிவிட்டன.

பணத்தின் மதிப்பையும் பார்க்க வேண்டும். திர்ஹாம் 1997 முதல் டாலருக்கு 3.6725 என்று கட்டப்பட்டிருக்கிறது. எனவே டாலருக்கு எதிராக ரூபாய் சரியும்போதெல்லாம் அங்கிருந்து வரும் தொகை கூடும். எல்லா நாட்டுப் பணமும் இப்படி இல்லை. நமக்கு மூத்த தலைமுறையில் நைஜீரியாவுக்குப் போய் வந்த ஆசிரியர்கள் இருந்தார்கள். எண்ணெய் வருவாய் பெருகிய அந்நாடு 1976இல் அனைவருக்கும் தொடக்கக் கல்வி என்று அறிவித்தது. பள்ளிகளுக்கு ஆள் போதாமல் இந்தியாவிலிருந்தும் ஆசிரியர்களை அழைத்துக்கொண்டது. 1980 வாக்கில் ஒரு நைராவுக்கு ஒன்றரை டாலருக்கு மேல் கிடைத்தது. 1986இல் நாணயத்தைச் சந்தை விலைக்கு விட்டார்கள். 1989இல் ஒரு டாலர் வாங்க 7 நைராவுக்கு மேல் தேவைப்பட்டது. ஒப்பந்தத் தாளில் இருந்த சம்பளம் மாறவே இல்லை, ஊருக்கு வந்த பணம்தான் கரைந்துபோனது. இன்று மாலத்தீவுப் பள்ளிகளில் இந்திய ஆசிரியர்கள் கணிசமாக வேலை பார்க்கிறார்கள். பக்கத்து நாடு, ஆங்கில வழிக் கல்வி, செலவும் அதிகமில்லை. ஆனால் அங்கே டாலர் தட்டுப்பாடு. சம்பளம் ரூஃபியாவில் வரும், மாதம் எவ்வளவு டாலராக மாற்றி ஊருக்கு அனுப்பலாம் என்பதற்கு வங்கிகள் வரம்பு வைத்திருக்கின்றன. அங்கே போகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, சம்பளத்தில் எவ்வளவு அனுப்ப முடியும் என்பதுதான்.

இங்கிலாந்து பற்றியும் கேட்கிறார்கள். 2023 பிப்ரவரி முதல் இந்திய ஆசிரியர்கள் அங்கே தகுதிபெற்ற ஆசிரியர் நிலைக்கு நேரடியாக விண்ணப்பிக்கலாம். 11 முதல் 16 வயது மாணவர்களுக்கு மொழிகள், கணிதம், அறிவியல் கற்பிக்கத் தகுதி உள்ளவர்களுக்கே இந்த வழி. விண்ணப்பிக்கக் கட்டணமும் இல்லை. யாராவது இதற்குப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடலாம். ஆனால் அந்தத் தகுதி வேலையும் அல்ல, விசாவும் அல்ல. பள்ளி ஒன்று வேலை தந்து விசாவுக்குப் பொறுப்பேற்க வேண்டும். 2024-25இல் இலண்டனுக்கு வெளியே தொடக்க ஊதியம் ஆண்டுக்கு 31,650 பவுண்டு. வருமான வரி, தேசியக் காப்பீடு, ஓய்வூதியப் பங்களிப்பு போனால் மாதம் 2,000 பவுண்டை ஒட்டித்தான் கையில் வரும். வாடகை அதற்குப் பிறகு. விசாவுடன் மருத்துவக் கட்டணமாகப் பெரியவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு, குழந்தைக்கு 776 பவுண்டு முன்கூட்டியே கட்ட வேண்டும். கணவன், மனைவி, ஒரு குழந்தை மூன்றாண்டுக்குப் போனால் 8,538 பவுண்டு. விமானம் ஏறும் முன்பே ஏறக்குறைய ஒன்பது பத்து இலட்சம் ரூபாய்! சில பள்ளிகள் இதை ஏற்கும். கேட்டு எழுதி வாங்கினால்தான் உண்டு.

அரசுப் பணியில் உள்ளவர்களுக்குக் கணக்கு வேறு. பட்டதாரி ஆசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 36,400. அகவிலைப்படி 50 விழுக்காடாக இருந்த 2024 தொடக்கத்திலேயே அது 54,600 ஆகிவிட்டது. என் மாணவி வெளிநாட்டில் மிச்சம் பிடிக்கும் தொகையோடு இதை ஒப்பிட்டாலே போதும். அதையும் மீறிப் போக விரும்புபவர், துறையின் எழுத்துமூலமான முன் அனுமதி இல்லாமல் வேறு வேலையில் சேரக் கூடாது. மருத்துவ விடுப்பு எழுதிவிட்டு விமானம் ஏறியவர்கள் திரும்பி வரும்போது 17(ஆ) குறிப்பாணை காத்திருக்கும்.

பணிக்குக் காத்திருப்பவர்களின் நிலை அப்படி இல்லை. தகுதித் தேர்வுச் சான்று இப்போது வாழ்நாள் முழுதும் செல்லும். ஆகவே சில ஆண்டு வெளியே போய் வந்தால் அந்தச் சான்று காலாவதியாகிவிடும் என்ற பழைய பயம் வேண்டாம். இதைச் சொன்னதும் மாணவியின் முகத்தில் ஒரு தெளிச்சி. முகவரைத்தான் தேட வேண்டும் என்றால், தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமே 1978 முதல் இருக்கிறது. செவிலியர் பணி அறிவிப்புகள்தான் அதில் அதிகம் கண்ணில் படும், இருந்தாலும் தளத்தை அவ்வப்போது பார்க்கலாம்.

அன்றே பள்ளியின் தளத்தில் இருந்த முகவரிக்கு அவளைக்கொண்டே மின்னஞ்சல் அனுப்பினோம். நான்கே கேள்விகள்: கோடை விடுமுறைக்குச் சம்பளம் உண்டா? விசாச் செலவு யாருடையது? ஆண்டுக்கொரு விமானச் சீட்டு உண்டா? அந்நாட்டு மனிதவள அமைச்சகப் படிவத்தில் கடிதம் தருவீர்களா? இன்னொன்றும் சேர்த்துச் சொன்னேன். எது நடந்தாலும் சுற்றுலா விசாவில் போய் இறங்கக் கூடாது. அதில் வேலை செய்வது அங்கே குற்றம்.

ஆறாம் நாள் பதில் வந்தது. விசாவும் சீட்டும் பள்ளியின் பொறுப்பு. விடுமுறைச் சம்பளம் இரண்டாம் ஆண்டிலிருந்து. அடிப்படை ஊதியத்தை மாற்ற முடியாது. யாருக்கும் பணம் கட்ட வேண்டாம். அமைச்சகப் படிவமும் இணைத்திருந்தார்கள். ஏஜென்ட் அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை. சான்றிதழை மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், தூதரகம் என்று மூன்று படியிலும் முத்திரை வாங்க அவளே அலைந்தாள். பூந்தோட்டம் அடமானம் போகவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் கிளம்பினாள். அக்டோபரில் ஒரு நாள் வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது குறுஞ்செய்தி வந்திருந்தது. "முதல் முழு மாதச் சம்பளம் சார். செலவு போக 1,740 நிக்குது. நாம போட்டதவிட 160 கம்மி. ஸ்கூல் பஸ்ஸ விட்டுட்டு நாலு நாள் டாக்ஸியில போனேன்."